உசாத்துணையும் உண்மையும்

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு கற்கும் பிள்ளையொன்று உள்ள வீட்டில் ‘இலக்கிய மீளாய்வு’ என்னுஞ் சொற்றொடர் இக்காலத்தில் அடிக்கடி காதில் விழும். இரசாயனமோ விவசாயமோ படிக்கும் மகளுக்கு இலக்கியத்தோடு என்ன உறவு என்று பெற்றோர் வியப்பதும் இயல்பே. கம்பனும் இளங்கோவும் அங்கே வருவதில்லை. ஒரு பொருள் பற்றி இதுகாறும் ஆராய்ந்தோர் எழுதிய கட்டுரைகள், அறிக்கைகள், ஆய்வேடுகள் யாவற்றையும் ஆராய்ச்சி உலகம் ‘இலக்கியம்’ என்றே வழங்குகின்றது. அவற்றைத் தேடிப் படித்து, ஒப்புநோக்கி, ‘இவ்வளவு அறியப்பட்டுள்ளது, இன்னது இன்னும் அறியப்படவில்லை’ என்று எடுத்துரைப்பதே இலக்கிய மீளாய்வு. வீடு கட்டுமுன் காணியை அளந்து எல்லைக்கல் நாட்டுவது போன்ற வேலை அது.

இவ்வேலையை வெறுஞ் சடங்காகக் கருதும் மாணவர் பலர் உளர். கட்டுரையின் ஈற்றில் நாற்பது ஐம்பது பெயர்களை அடுக்கிவிட்டாற் போதும் என்பது அவர்தம் எண்ணம். அப்பெயர்ப் பட்டியலை நாம் ‘உசாத்துணை’ என்று வழங்குகின்றோம். அழகிய சொல் அது. உசாவுதல் என்பது கேட்டறிதல். உசாத்துணை என்பது நாம் கேட்டறிந்த துணை. ஒருபோதும் உசாவாத ஒருவரை உசாத்துணை என்று எழுதுவது, காணாத சம்பவத்துக்குச் சாட்சி கூறுவதை ஒக்கும். உசாத்துணையைத் தேடும் முறையும் பேணும் முறையும் பற்றி இங்கு நாம் கூறப்போவன எல்லாம் இந்த ஒரு கருத்தினின்றே பிறப்பன.

முன்னோர் வழக்கு

முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகவே காட்டுதல் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் தமக்கு முற்பட்ட புலவர் கருத்தை ‘என்ப’ என்று சுட்டிச் செல்வார். உரையாசிரியர் எனச் சிறப்பிக்கப்படும் இளம்பூரணரின் கொள்கையைச் சேனாவரையர் மறுக்குமிடத்து, யாருடைய உரையை மறுக்கின்றார் என்பது படிப்போருக்குத் தெளிவாகத் தெரியும். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். ஒரு செய்தி எங்கே தோன்றியது, எதன் வழியாக வந்தது, எதைச் சார்ந்து நிற்கின்றது என்று வினவும் மனப்பாங்கு அவ்வகைப்பாட்டில் உறைந்துள்ளது.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டும் கலித்தொகையை 1887ஆம் ஆண்டும் அச்சேற்றியபோது, ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டி ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். இன்றைய மாணவர் ஏடு தேடி ஊரூராக அலைய வேண்டியதில்லை. ஆயினும் தேடல், ஒப்புநோக்கல், மூலத்தைச் சுட்டல் என்னும் மூன்று கடமைகளும் மாறியனவல்ல.

கேள்வியே முதற்படி

எடுத்துக்காட்டொன்றை வைத்துக்கொண்டு மேற்செல்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கற் படுகையில் இறங்கித் தேங்க, அதனையே கிணறுகள் வாயிலாக மக்கள் குடிக்கின்றனர், தோட்டத்துக்கும் இறைக்கின்றனர். மிளகாய், வெங்காயம், புகையிலை ஆகியவற்றுக்கு மிகையாக இடும் பசளையிலிருந்தும், மலசலகூடக் குழிகளின் கசிவிலிருந்தும் நைத்திரேற்று என்னும் பொருள் அந்நீரிற் கலக்கின்றது. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளுக்கு இதனால் தீங்கு நேரலாம். அவர்தம் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாகிக் குறையுந்தோறும் அதன் செறிவு கூடும். ஆகவே இது தாய்மார் அனைவரும் அறிய வேண்டிய விடயமுமாகும்.

மாணவி ஒருத்தி இப்பொருளை ஆராய எண்ணுகின்றாள் எனக் கொள்வோம். ‘யாழ்ப்பாணத்து நீர்’ என்று தொடங்கினால் அவள் கடலில் விழுந்தவளாவாள். உவர்நீர் புகுதல், கடினத்தன்மை, எண்ணெய் மாசு எனப் பலவும் வந்து குவியும். ‘குடாநாட்டுத் தோட்டப்புறக் கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு மாரிக்கு முன்னும் பின்னும் எவ்வாறு மாறுகின்றது?’ என்று கேள்வியைக் குறுக்கினால், எதைப் படிக்க வேண்டும் என்பதோடு எதைப் படிக்காது விடலாம் என்பதும் புலனாகும். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வைத்த பின்னரே தேடத் தொடங்குதல் நன்று.

எங்கே தேடுவது?

ஆராய்ச்சிச் சஞ்சிகைகளின் வரலாறு 1665ஆம் ஆண்டிலே பாரிசிலும் இலண்டனிலும் தொடங்கியது. அவ்வாண்டு இரண்டே சஞ்சிகைகள், இன்றோ பல்லாயிரம். அவற்றிடையே வழிகாட்டப் பல தேடற் கருவிகள் உள. 2004ஆம் ஆண்டு தோன்றிய ‘கூகிள் ஸ்கொலர்’ எல்லாத் துறைகளையும் ஒருங்கே துழாவும். ஆயின் தரமானதையும் தரமற்றதையும் அது பிரித்துத் தராது. மருத்துவம் சார்ந்த பொருளாயின், ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் ‘பப்மெட்’ சிறந்தது, அதுவும் கட்டணமற்றது. இலங்கைச் சஞ்சிகைகள் பலவற்றை நமது தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இணையத்தளத்திற் காணலாம். உள்ளூர்க் கிணறு பற்றிய ஆய்வு உள்ளூர்ச் சஞ்சிகையில் இருத்தல் கூடும் என்பதை மாணவர் மறந்துவிடுகின்றனர். பல்கலைக்கழகங்களின் எண்ணிமக் களஞ்சியங்களில் முன்னைய மாணவரின் ஆய்வேடுகளும் கிடைக்கும். நீர்வளச் சபை போன்ற அரச நிறுவனங்களின் பழைய அறிக்கைகள் பல இணையத்தில் ஏறியதில்லை. அவற்றுக்கு நூலகரின் உதவியை நாடுவதே வழி.

தேடுஞ் சொல்லிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. ஒரே பொருளை ஒருவர் ‘கிரவுண்ட் வோட்டர்’ என்பார், மற்றொருவர் ‘வெல் வோட்டர்’ என்பார், இன்னொருவர் ‘அக்குவிபர்’ என்பார். இவற்றுள் எது வரினும் போதும் என்பதற்கு இடையே ‘ஓர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடுதல் வேண்டும். இரண்டும் சேர்ந்தே வரவேண்டுமாயின் ‘அன்ட்’ என்பதை இடுதல் வேண்டும். சொற்றொடர் பிரியாதிருக்க அதனை மேற்கோட் குறிகளுள் அடைத்தல் வேண்டும். நமது ஊர்ப்பெயர்கள் வேறொரு சிக்கலைத் தருவன. சுன்னாகம் என்பதன் ககரத்துக்கு ஆங்கிலத்தில் ஒருவர் ஓரெழுத்தும் மற்றவர் வேறெழுத்தும் இடுவர். ஒன்றை மட்டுந் தேடுபவர் பாதியை இழப்பர்.

எந்த நாளில், எந்தக் கருவியில், எச்சொற்களை இட்டுத் தேடினோம், எத்தனை கட்டுரைகள் வந்தன என்பதைக் கொப்பியொன்றிற் குறித்து வருதல் அவசியம். இரண்டு மாதங் கழிந்த பின் அதே தேடலை மீண்டுஞ் செய்து காலத்தை வீணாக்காதிருக்க அக்குறிப்பு உதவும். ‘நீ எவ்வாறு தேடினாய்?’ என்று மேற்பார்வையாளர் கேட்கும்போது தலைகுனியாது விடையளிக்கவும் உதவும்.

பின்னோக்கியும் முன்னோக்கியும்

நல்ல கட்டுரையொன்று கையில் அகப்பட்டால் அதனையே திறவுகோலாகக் கொள்ளலாம். அதன் ஈற்றிலுள்ள உசாத்துணைப் பட்டியலைப் பார்த்தால் அதற்கு முந்திய ஆய்வுகள் தெரியவரும். இது பின்னோக்கிச் செல்லல். அக்கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டனர் என்று பார்த்தால் அதற்குப் பிந்திய ஆய்வுகள் தெரியவரும். இது முன்னோக்கிச் செல்லல்.

இவ்விரண்டாம் வழியைத் திறந்தவர் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட். ஒரு தீர்ப்பைப் பின்வந்த எத்தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும் சுட்டிகளை அந்நாட்டு வழக்கறிஞர் 19ஆம் நூற்றாண்டு முதலே பயன்படுத்தி வந்தனர். விஞ்ஞானத்துக்கும் அத்தகைய சுட்டி வேண்டுமென 1955ஆம் ஆண்டு அவர் எழுதினார். 1960களில் அதனைத் தாமே வெளியிட்டுங் காட்டினார். அன்று தடித்த தொகுதிகளிற் செய்த வேலையை இன்று கூகிள் ஸ்கொலரில் ஒவ்வொரு கட்டுரையின் கீழுமுள்ள ஓர் இணைப்பு நொடியிற் செய்து தருகின்றது.

நமது மாணவி பின்னோக்கிச் சென்றாளாயின் 1945ஆம் ஆண்டை அடைவாள். அவ்வாண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஹன்ரர் கொம்லி என்னும் மருத்துவர், அயோவா மாநிலத்துக் கிணற்று நீரால் குழந்தைகள் நீலம் பாரித்ததை எழுதினார். அக்கட்டுரையின் சிறப்புக் கருதி 1987ஆம் ஆண்டு அதே சஞ்சிகை அதனை மீண்டும் பதிப்பித்தது. இப்பொருளில் முதனூல் என்று சொல்லத்தக்கவற்றுள் அஃதொன்று.

கட்டுரைகள் சிலவற்றைத் திறக்கப் பணங் கேட்பர். இது கண்டு மனந்தளர வேண்டியதில்லை. அதே கட்டுரையின் பிரதியை ஆசிரியர் தமது பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாக வைத்திருத்தல் கூடும். பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்திப் பெறும் சஞ்சிகைகளும் உள. ஒன்றுமே கைகூடாவிடின் ஆசிரியருக்குப் பணிவான மின்னஞ்சல் ஒன்று எழுதலாம். தம் கட்டுரையைப் படிக்க ஒருவர் விரும்புகின்றார் என்று அறிந்தால் மகிழாத ஆராய்ச்சியாளர் அரியர். பொழிப்பை மாத்திரம் படித்துவிட்டு முழுக் கட்டுரையையும் படித்தது போல் எழுதுவதே தகாத வழி.

பத்தும் ஐம்பதும்

கட்டுரைகள் சேர்ந்த பின் அவற்றை ஓர் அட்டவணையில் அமைத்தல் வேண்டும். ஆசிரியர், ஆண்டு, இடம், எத்தனை கிணறுகள், எந்த மாதம், எம்முறையில் அளந்தனர், என்ன கண்டனர், எந்த அலகிற் கூறினர் என்று நிரல்கள் அமையட்டும். இறுதி நிரலைச் சிறிதென்று எண்ணற்க.

உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு விதித்துள்ள வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஐக்கிய அமெரிக்காவின் சட்ட அளவோ 10 மில்லிகிராம். அமெரிக்கர் ஐந்து மடங்கு கண்டிப்பானவர் என்று மாணவர் ஒருவர் முடிவு கட்டுவாராயின் அது பெரும் பிழை. முன்னது நைத்திரேற்று முழுவதையும் நிறுத்த கணக்கு. பின்னது அதனுள் அடங்கிய நைதரசனை மாத்திரம் நிறுத்த கணக்கு. நைதரசன் 14 பங்காயின் நைத்திரேற்று 62 பங்கு. ஆதலின் நைதரசனாகக் கூறப்படும் 10, நைத்திரேற்றாகக் கூறும்போது ஏறத்தாழ 44 ஆகும். இரு அளவுகளும் அருகருகே நிற்பனவேயாம்.

இனி, ஒரு கட்டுரை கிணறொன்றில் 12 என்று கூறுகின்றது எனக் கொள்வோம். அலகைக் குறிக்காது விட்ட மாணவர், 50இலும் 12 சிறிதாயிற்றே, இந்நீர் தீங்கற்றது என்று எழுதிவிடுவார். அந்தப் 12 நைதரசனைக் குறிப்பதாயின் நைத்திரேற்றாக அது 53. வழிகாட்டு அளவைக் கடந்தது. அவர் எழுதியதை நம்பி வேறொருவர் எழுதுவார். அதனை நம்பி ஊரார் ஒருவர் குழந்தைக்குப் பால் கரைப்பார். குறிப்பேட்டில் விடுபட்ட ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை இவ்வெடுத்துக்காட்டால் உணரலாம்.

கீரையும் தசமப் புள்ளியும்

ஒருவர் கூறியதாக மற்றொருவர் கூறுவதை மூலத்தைப் பாராது எடுத்தெழுதுதல் இன்னுமொரு தீமை. ‘ஸ்பினாச்’ என்னும் கீரை பற்றி மேலைநாடுகளில் ஒரு கதை வழங்குகின்றது. 19ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி இட்டமையால் அக்கீரையின் இரும்புச் சத்துப் பத்து மடங்காகக் கணிக்கப்பட்டது என்பது அக்கதை. 1981ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த கட்டுரையொன்று இதனை எடுத்துரைத்தது. பின் வந்தோர் பலர் அதனை வழிமொழிந்தனர். பின்னர் மூலத்தைத் தேடிச் சென்றோர் அத்தகைய தசமப் புள்ளிப் பிழைக்குச் சான்று காணவில்லை. நோர்வே நாட்டு ஆய்வாளர் ஒலே பியோன் ரெக்டால் 2014ஆம் ஆண்டு இவ்வரலாற்றை விரிவாக எழுதினார். கவனக்குறைவின் தீமையை எடுத்துக்காட்டச் சொல்லப்பட்ட கதையே கவனக்குறைவாற் பரவியது என்பது இதிலுள்ள வேடிக்கை.

ஆகவே வழிநூலிற் படித்த செய்தியை முதனூலில் ஒப்புப் பார்த்த பின்னரே எழுதுக. முதனூல் கிடையாதவிடத்து, ‘இன்னார் எடுத்துக்காட்டிய இன்னார் கூற்று’ என்று உள்ளதை உள்ளவாறே எழுதுக. அதில் இழிவு ஏதுமில்லை.

பேணும் முறை

முன்னாளில் ஆராய்ச்சியாளர் சிறு அட்டைகளில் ஒவ்வொரு நூலின் விபரத்தையும் எழுதி அகர வரிசையில் அடுக்கி வைப்பர். அவ்வட்டைப் பெட்டியின் இடத்தை இன்று கணினி மென்பொருள்கள் பிடித்துள்ளன. அவற்றுள் ‘ஸொட்டெரோ’ என்பது அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு தோன்றியது, விலையின்றிக் கிடைப்பது. ஒன்றை நன்கு கைவரப் பெறுதல் என்னும் பொருளுடைய அல்பேனியச் சொல்லினின்று அதன் பெயர் பிறந்தது. ‘மென்டலி’, ‘என்ட்நோட்’ முதலியனவும் இவ்வகையின.

கட்டுரையொன்றைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஆசிரியர், தலைப்பு, சஞ்சிகை, தொகுதி, பக்கம் ஆகியவற்றை இம்மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும். ‘டி.ஓ.ஐ.’ எனப்படும் அடையாள எண்ணை இட்டாலும் போதும். 10 என்னும் இலக்கத்தோடு தொடங்கும் அவ்வெண், கட்டுரையின் அடையாள அட்டை இலக்கம் போன்றது. இணையத்தள முகவரி மாறினும் அது மாறாது. எழுதும்போது வேண்டிய இடத்தில் மேற்கோளைப் புகுத்தவும், ஈற்றில் பட்டியலை அமைக்கவும் மென்பொருளே உதவும்.

ஆயினும் இயந்திரத்தை முற்றாக நம்பலாகாது. எடுத்த விபரத்தை அன்றே கட்டுரையின் முதற்பக்கத்தோடு ஒப்பிடுக. விசேடமாக நமது பெயர்களில் அது தடுமாறும். மேலைநாட்டார் கடைசியில் நிற்பதைக் குடும்பப் பெயராகக் கொள்வர். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரும் தன் பெயருமே உள. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுபவர் பெயர் ‘கைலாசபதி, க.’ என்பது போல் ஒழுங்காக அமைந்துவிடும். தன் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதுபவரோ பட்டியலில் தந்தையின் பெயராலேயே நிற்பார். அதனால் ஒருவரே ஈரிடத்தில் இருவராகத் தோன்றவுங் கூடும். இதனைத் திருத்த வேண்டியவர் தமிழறிந்த மாணவரே.

மேற்கோள் காட்டும் மரபுகள் பல. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறியுள் இடும் முறையை ஹார்வார்ட் பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்ட் மார்க் 1881ஆம் ஆண்டு ஆண்டார் என்பர். மருத்துவச் சஞ்சிகைகள் பெரிதும் பின்பற்றும் இலக்கமிடும் முறை 1978ஆம் ஆண்டு வன்கூவர் நகரிற் கூடிய பதிப்பாசிரியர்களால் வகுக்கப்பட்டது. எம்முறை நன்று என்று வாதிடுவதிற் பயனில்லை. துறையினர் கேட்பது எதுவோ அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிறழாது கைக்கொள்ளுதலே வேண்டுவது.

இல்லாத நூல்கள்

கட்டுரை எழுதுவோருக்கு உதவியாகப் பெரிய பதிப்பகமொன்று மாதிரி உசாத்துணை ஒன்றை அச்சிட்டுக் கொடுத்திருந்தது. ‘விஞ்ஞானக் கட்டுரை எழுதுங் கலை’ என்னும் பொருள்படும் தலைப்புடைய அக்கட்டுரை உலகில் என்றும் எழுதப்பட்டதன்று. ஆயினும் அதனை மேற்கோள் காட்டியோர் நூற்றுக்கணக்கினர் என்பது 2017ஆம் ஆண்டு வெளிப்பட்டது. மாதிரிப் படிவத்தில் இருந்ததை நீக்க மறந்தோரே அவருட் பெரும்பாலார்.

இன்று இல்லாத நூல்களைப் படைக்க இயந்திரமே வந்துவிட்டது. வினாவுக்கு விடை எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் உசாத்துணை கேட்டால், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் பொருத்தமாக அமைந்த பட்டியலைத் தரக்கூடும். அவற்றுட் சில எங்கும் இல்லாதனவாகவும் இருக்கும். 2023ஆம் ஆண்டு நியூயோர்க் நகர நீதிமன்றமொன்றில், இவ்வாறு பெற்ற பொய்யான தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. தேடுஞ் சொற்களை எண்ணிப் பார்க்கவும், கடினமான பந்தியொன்றின் பொருளை விளங்கிக்கொள்ளவும் அக்கருவியை நாடலாம். அது தரும் ஒவ்வொரு பெயரையும் உரிய சஞ்சிகையிற் கண்ணாற் கண்டாலன்றிப் பட்டியலிற் சேர்க்கலாகாது.

இருந்து மறைந்த கட்டுரைகளும் உள. தடுப்பூசியை ஓட்டிசம் என்னும் நிலையோடு தொடர்புபடுத்தி 1998ஆம் ஆண்டு ‘லான்செட்’ சஞ்சிகையில் வந்த கட்டுரை 2010ஆம் ஆண்டு மீளப் பெறப்பட்டது. அவ்வாறு மீளப் பெற்றவற்றை ஸொட்டெரோ சிவப்புக் குறியிட்டுக் காட்டும், அதனைப் புறக்கணிக்கலாகாது.

எழுதும் வேளை

எல்லாம் சேர்ந்த பின் எழுதத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வர். ‘முதலாமவர் இதைக் கண்டார், இரண்டாமவர் அதைக் கண்டார்’ என்று பந்திக்கொரு கட்டுரையாக அடுக்குவர். அது பட்டியலாகுமேயன்றி மீளாய்வாகாது. நமது மாணவி பொருள்வாரியாக எழுதட்டும். நைத்திரேற்று எங்கிருந்து வருகின்றது என்பதில் யார் யார் உடன்படுகின்றனர்? பருவமாற்றம் பற்றி எவர் வேறுபடுகின்றனர்? வேறுபாடு உண்மையானதா, அன்றி அளந்த மாதமும் அலகும் வேறானமையால் வந்ததா? எவ்வூர்க் கிணறுகள் இன்னும் அளக்கப்படவில்லை? இறுதிக் கேள்விக்கு விடை காணுமிடத்தில் அவளது சொந்த ஆராய்ச்சி தொடங்குகின்றது. தான் சொல்வது எது, பிறர் சொன்னது எது என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெளிவாக இருத்தல் வேண்டும். பிறர் வாக்கியத்தைத் தன் வாக்கியமாகக் காட்டுதல் களவாகும். சொற்கள் சிலவற்றை மாற்றிவிட்டால் அது களவன்று என்றாகிவிடாது.

அழியாத தடம்

உசாத்துணையின் அருமையை நம்மவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அங்கிருந்த அரும்பொருள் ஒன்றை முன்னர் கண்டவர் எழுதிவைத்த குறிப்பு, இப்படியொன்று இருந்தது என்பதற்குச் சாட்சியாக இன்றும் நிற்கின்றது. ஆசிரியர் பெயர், பதிப்பித்த ஆண்டு, பக்கம் ஆகியன செவ்வையாகக் குறிக்கப்பட்டிருப்பின், அந்நூலின் வேறொரு பிரதியைச் சென்னையிலோ இலண்டனிலோ தேடிப் பிடிக்க வழி பிறக்கும். குறிப்புப் பிழையாயின் அவ்வழியும் அடைபடும். 2005ஆம் ஆண்டு முதல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் ஏற்றி வருகின்றனர். தமிழிலே எழுதப்பட்ட மூலங்கள் வேண்டுவோர் முதலில் நாட வேண்டிய இடம் அது.

மாணவரே, நீங்கள் எழுதும் ஒவ்வோர் உசாத்துணையும் உங்களுக்குப் பின் வருபவர் நடக்கப்போகும் பாதையிலே இடும் அடையாளமாகும். பெற்றோரே, பிள்ளை பல நாள் கணினியின் முன் இருந்தும் ஒரு பக்கங்கூட எழுதவில்லையே என்று கடிந்துகொள்ளாதீர்கள். அவள் ஓர் எண்ணை அதன் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். எந்தக் கிணற்று நீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்பதை நாளை ஒரு தாய்க்குச் சொல்லப்போவது அந்த எண்ணாகவும் இருக்கலாம்.